குட்டி தூங்கும் நேரத்தில் தைத்த போர்வை

பள்ளிக்கூட வேலையை விட்டு வந்த புதிதில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவை கைப்பேசியில் வரும் வீடியோக்கள். துணிகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி ஒன்றோடொன்று மூட்டினால் மேல்துணி தயார். அதற்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு விரிப்பு ஒன்றை வைத்து, மூன்றையும் சேர்த்து நூலோட்டினால் போர்வை. மார்கழியிலும் மின்விசிறி சுற்றும் இந்த ஊரில் இது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்குப் போர்வை தேவைப்படவில்லை. கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு, நான்கு துண்டுகளின் முனைகளும் பிசகாமல் ஒரு புள்ளியில் வந்து சேர்வதைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு போர்வையையும் நான் முடித்ததில்லை. மேல்துணி வரைக்கும் ஆசையாகத் தைப்பேன். நூலோட்டும் நாள் வந்ததும் வேறொரு வடிவம் கண்ணில் படும். பழையதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் புதியதை வெட்ட ஆரம்பிப்பேன். நாள் முழுக்க நேரம் கிடக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம்.

எங்கள் வீடு முடிச்சூரில், ஒரு சிறிய குடியிருப்பின் முதல் மாடியில் இருக்கிறது. படியேறி வந்தால் இரண்டு கிரில் கதவுகள் எதிரெதிரே நிற்கும். ஒன்று எங்களுடையது, இன்னொன்று எதிர்வீட்டு அக்காவுடையது. அவர் கணவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஜாக்கெட் துணி, லைனிங், புடவை ஃபால்ஸ் விற்கும் கடை அவருடையது. வெள்ளம் வந்த வருஷம் கீழ்த்தளம் மூழ்கியபோது இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். அதிலிருந்து பழக்கம். கடையில் மிஞ்சும் கட் பீஸ்களைப் பையில் போட்டுக்கொண்டு, மதியத் தொழுகை முடிந்ததும் அக்கா என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவார். நான் அளந்து வெட்டுவேன். அவர் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

"இந்தப் பச்சைக்குப் பக்கத்துல அந்த ரோஸ வெச்சா ரெண்டும் செத்துப்போவும் டீச்சர்."

"எனக்கு அது நல்லாத்தான் தெரியுது அக்கா."

"உங்களுக்குத் தெரியும். போத்திக்கப் போறவங்களுக்குத் தெரியணுமே."

இப்படிப் பேசிக்கொண்டே மாலை டீ வரைக்கும் போகும். அந்த மதியங்களுக்கு நடுவில்தான் நாய்க்குட்டி வந்தது.

கொண்டுவந்தது என் மகள். சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மழை நாளில் கார் நிறுத்துமிடத்தில் ஏதோ ஒரு காருக்கு அடியில் கிடந்ததை, லேப்டாப் பையில் வைத்து எடுத்து வந்துவிட்டாள். தெருநாய்க் குட்டிதான். பழுப்பு உடம்பு, கறுத்த மூக்கு, ஒரு காது நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும் இருந்தது.

"ஒரே ஒரு வாரம்மா. யாராச்சும் தத்தெடுத்துப்பாங்க. இன்ஸ்டால போட்டோ போட்டுட்டேன்" என்றாள்.

தத்தெடுக்க யாரும் வருவதற்குள் கம்பெனி அவளைப் பெங்களூருக்கு மாற்றிவிட்டது. "அங்க பிஜி ஹாஸ்டல்ல நாய் விடமாட்டாங்கம்மா. தனியா வீடு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். என் கணவர் குரோம்பேட்டையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறார். "இத யார் பாத்துக்கறது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். பதில் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான்.

மகள் அதற்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தாள். அது அவள் வாயில் மட்டும்தான் நுழைந்தது. நாங்கள் குட்டி என்றோம்.

நாய்க்குட்டி வளர்ப்பது ஓய்வு நேரத்துக்கு ஏற்ற காரியம் என்று நினைத்திருந்தேன். வளர்த்துப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். பேப்பரை விரித்து வைத்தால் பேப்பருக்குப் பக்கத்தில் போகும். சார்ஜர் ஒயர், செருப்பின் வார், நாற்காலியின் கால் என்று பல் படாத பொருள் வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத் தனியாக விட முடியாததால், சர்ச்சில் என் கணவர் முதல் ஆராதனைக்கும் நான் இரண்டாவது ஆராதனைக்கும் போக ஆரம்பித்தோம். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்தே கோயிலுக்குப் போனவர்கள். வாசலில் நின்ற போதகர், "வீட்ல எல்லாம் சமாதானமா?" என்று மெதுவாக விசாரித்தார். நாய்க்குட்டி என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

குட்டி வந்ததும் அக்காவின் வரவு நின்றது. சில நாள் கழித்து, வாசலில் துணிப்பையை நீட்டிக்கொண்டே அவரே காரணத்தைச் சொன்னார்.

"அதுமேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல டீச்சர். வாய் வெச்சிடுச்சுன்னா கழுவணும், துணி மாத்தணும். அப்புறம்தான் தொழ முடியும். ஒவ்வொரு வேளைக்கும் அது பேஜாரு. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு அக்கா" என்றேன். உண்மையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மேசையைப் பார்க்கும்போது ஏதோ குறைந்தது.

அந்த வாரத்திலேயே இன்னொன்றும் நடந்தது. சமையலறையில் இருந்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. குட்டி இருக்கும் வீட்டில் சத்தம் இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தால், நாற்காலியில் மடித்து வைத்திருந்த மேல்துணியை இழுத்துக் கூடம் முழுக்கப் பரப்பி, அதன் ஒரு மூலையைச் சுவைத்துக்கொண்டு படுத்திருந்தது. மாதக்கணக்கில் மூட்டிய துணி. மூலைச் சதுரம் நார்நாராகிவிட்டது. அதட்டினேன். என்னைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு மறுபடி சுவைத்தது.

சாயங்காலம் அதை என் கணவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு பண்ணு. நாய வளக்கிறியா, இல்ல துணி தைக்கிறியான்னு மொதல்ல முடிவு பண்ணு. ரெண்டும் நடக்காது."

மறுநாள் அக்கா கொடுத்த கடுகு மஞ்சள் துணி ஒன்றை அந்த மூலையில் வைத்துத் தைத்தேன். ரெண்டும் நடக்காது என்று என் கணவர் சொன்னது மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

குட்டியின் நாளைக் கவனிக்க ஆரம்பித்தேன். விழித்தால் ஓடும், ஓடினால் கடிக்கும், கடித்துக் களைத்தால் விழுந்த இடத்தில் தூங்கும். அந்தத் தூக்கம் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்தான் இருக்கும். மேசையில் துணியை விரித்து, மெஷினை எடுத்து வைப்பதற்குள் எழுந்துவிடும். அதனால் மெஷினை ஓரம் கட்டினேன். ஒரு டிபன் டப்பாவில் ஊசி, நூல், வெட்டி வைத்த அறுகோணத் துண்டுகள் என்று போட்டு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டேன். குட்டி கண்ணை மூடினால் டப்பா திறக்கும், கண்ணைத் திறந்தால் டப்பா மூடும். ஒரு தூக்கத்துக்கு அறுகோணத்தின் ஒரு பக்கம், நல்ல தூக்கமாக இருந்தால் இரண்டு. மாதக் கடைசியில் துண்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. நாள் முழுக்க நேரம் இருந்த காலத்தில் இதில் பாதிகூட நான் தைத்ததில்லை.

தடுப்பூசி எல்லாம் போட்டு முடிந்ததும் காலை நடைக்கு அழைத்துப் போகத் தொடங்கினேன். முன்பெல்லாம் நடக்கச் சொல்லி டாக்டர் கெஞ்சுவார், நான் போனதில்லை. இப்போது விடியும்போதே குட்டி கதவைப் பிறாண்டும். எங்கள் தெரு முடிந்தால் காலி மனைகள். மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் தேங்கிக் கொக்கு வந்து நிற்கும். தூரத்தில் திருநீர்மலை, வெயில் ஏறும்வரை நீலமாகவும் அதற்குப் பிறகு வெறும் பாறை நிறமாகவும் இருக்கும். குட்டி ஒவ்வொரு கம்பத்தையும் முகர்ந்து தீர்க்கும் வரை நானும் நின்றுதான் ஆக வேண்டும். நிற்கும்போது பார்க்க வேறென்ன இருக்கிறது? மனைக்கல்லின் மஞ்சள், தண்ணீர் லாரியின் துருப்பிடித்த நீலம், புதிதாகப் பூசிய சுவரின் ஈரச் சாம்பல். வீட்டுக்கு வந்ததும் துணிப்பையைக் கொட்டி அந்த நிறங்களைத் தேடுவேன். சாம்பலுக்குப் பக்கத்தில் மஞ்சள் வைத்து வாசலில் தூக்கிக் காட்டினேன். எதிர்க் கிரிலுக்குள் இருந்து அக்கா பார்த்தார்.

"இத எங்கருந்து புடிச்சீங்க?"

"தெருவுலருந்து."

"நல்லாகீது" என்றார். அக்கா அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நினைத்த நேரத்தில் ஊசி காணாமல் போனது.

பிற்பகல். குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. நான் சோபாவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தார். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தேன். டப்பாவை மூடவில்லை. சிலிண்டரை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பினால், துணி தரையில் கிடந்தது. குட்டி அதன்மேல் உட்கார்ந்து நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. ஊசி இல்லை. அதில் கோத்திருந்த நீளமான நூலும் இல்லை.

மண்டியிட்டுத் தரையைத் தடவினேன். குட்டியின் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். அது விளையாட்டு என்று நினைத்து விரலைக் கடித்தது. என் புலம்பல் கேட்டு அக்கா கிரிலுக்கு வந்தார்.

"இன்னாச்சு டீச்சர்?"

"ஊசிய முழுங்கிடுச்சு போலருக்கு அக்கா. நூலோட."

"அழுவாதீங்க. மொதல்ல ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினேன். கதவைச் சாத்திய நினைவுகூட இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் எக்ஸ்ரே எடுக்கும் கால்நடை மருத்துவமனை இருந்தது. மேம்பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா மேடம் அதுக்கு?"

"ஊசி முழுங்கிடுச்சு."

"தையல் ஊசியா? டாக்டர் போடுற ஊசியா?"

"தையல் ஊசி."

அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் இடுக்கில் புகுந்து புகுந்து ஓட்டினார். குட்டி என் மடியில் இருந்துகொண்டு வெளியே போகும் பஸ்களை வேடிக்கை பார்த்தது. அதற்கு அதுதான் முதல் ஆட்டோ சவாரி. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்பது போல ஒரு முகம். நான் ஆண்டவரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இனிமேல் தைக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

எக்ஸ்ரேவுக்கு அதை உள்ளே எடுத்துப் போனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஃபோன் அடித்தது. அக்கா.

"டீச்சர், கெடச்சிடுச்சு. ஊசி, நூலு ரெண்டும் கெடச்சிடுச்சு. சோபாக்கு அடில கால்மிதி கீது இல்ல, அதுல குத்திக்கினு இருந்துச்சு."

பிறகுதான் உறைத்தது.

"நீங்க எங்க வீட்டுக்குள்ள போனீங்களா அக்கா?"

"கதவத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டீங்க. சும்மா எப்படி இருக்கறது? எங்க ஃபிரிட்ஜ்ல ஒட்டிக்கினு இருந்த காந்தத்த எடுத்தாந்து வூடு பூராத் தேச்சுப் பாத்தேன். சரி, வெக்கிறேன். குளிச்சுட்டு அசர் தொழணும்."

ஃபோனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் வெளியே வந்தார். சின்ன வயசுப் பெண்.

"ஊசி எதுவும் இல்ல ஆன்ட்டி. ஆனா ஒரு ஜாக்கெட் ஹூக் இருக்கு."

"ஹூக்கா?"

"எப்பவோ முழுங்கியிருக்கு. சின்னதுதான், அதுவா வெளிய வந்துடும். சோத்தோட பூசணிக்காய நல்லா வேகவெச்சுக் குடுங்க. வரலைன்னா மறுபடி கூட்டிட்டு வாங்க."

அடுத்த சில நாட்கள் அந்த ஹூக்கைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். வங்கியில் கையெழுத்துகளைச் சரிபார்க்கும் அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் குச்சியுடன் காலி மனையில் குனிந்து நிற்பார். பால் வாங்கப் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு காலை, தெருமுனையிலிருந்தே எனக்கு ஃபோன் செய்தார். "வந்துடுச்சு" என்றார். மகளுக்கு வேலை கிடைத்த அன்றுகூட அவர் குரல் அப்படி இருக்கவில்லை.

நான் டிபன் டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். குண்டூசி, ஹூக், பட்டன் எல்லாவற்றையும் பொறுக்கிக் கட்டி வைத்தேன். குட்டி வளரட்டும், அதுவரை தையல் வேண்டாம். முடிவு சரியானதுதான். ஆனால் அது தூங்கும்போது என் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. வெறுமனே ஃபோனைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வாரம் போல அக்கா இதைப் பார்த்தார். பிறகு கிரிலைத் தட்டினார்.

"அந்தப் போர்வைய எங்க வூட்ல வெச்சுடுங்க டீச்சர். முன் ரூம் கட்டில் சும்மாத்தானே கீது. நாய் அங்க இருக்கட்டும், ஊசி இங்க இருக்கட்டும்."

"நான் வந்தா என் துணியெல்லாம் நாய் நக்கினதுதானே அக்கா."

"அதுக்கும் யோசிச்சுட்டேன்" என்றார்.

அவர் யோசித்தது ஒரு நைட்டி. என்னுடைய துவைத்த நைட்டி ஒன்று அவர் வீட்டுக் குளியலறை ஆணியில் தொங்கும். நான் போனதும் கைகால் கழுவி அதை மாட்டிக்கொள்ள வேண்டும். அறுகோணங்களை மூட்டிய மேல்துணியைச் சோப்புப் போட்டு அலசி, பாயின் கடையிலிருந்து புது அடித்துணியும் வாங்கிக்கொண்டு போர்வை குடிபெயர்ந்தது.

முதல் நாள், நான் கதவைச் சாத்திவிட்டு எதிர்வீட்டுக்குள் போனதும் குட்டி ஊளையிட்டது. மேல்மாடிக்காரர் இறங்கி வந்து விசாரித்தார். அக்கா எழுந்து போய் இரண்டு மரக்கதவுகளையும் திறந்தார். கிரில்கள் மட்டும் பூட்டியிருந்தன. குட்டி தன் கிரில் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டிப் பார்த்தது. நேரெதிரே கட்டிலில் நான். ஊளை நின்றது. கொஞ்ச நேரத்தில் மூக்கு வெளியே இருக்க அப்படியே தூங்கிவிட்டது.

அதன் பிறகு மதியங்கள் இப்படி ஆயின. கட்டிலின் ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் நான், நடுவே போர்வை. ஓரத்திலிருந்து உள்நோக்கி நூலோட்டினோம். அவர் தையல் அரிசி மாதிரி பொடியாக இருக்கும். என்னுடையது கொஞ்சம் நீளம். குட்டி விழித்து முனகினால், "ஏய், சும்மா இரு. உங்கம்மா எங்கயும் போவல" என்று அக்கா நிமிராமலே சொல்வார். சில நாளில் அவர் குரலுக்கே அடங்கியது. பிறகு, சிக்கன் சமைக்கும் நாட்களில் மசாலா போடுவதற்கு முன் இரண்டு துண்டு வேகவைத்து எடுத்து வைக்க ஆரம்பித்தார். "அதுக்குத்தான், எடுத்துக்கினு போங்க" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு கொடுப்பார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கத்தரித்தேன்.

"அவ்ளோதானா?" என்றார் அக்கா.

"அவ்ளோதான்."

இருவரும் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். மூன்று இடத்தில் முனைகள் சேரவில்லை. எங்கே என்று எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. நான் முடித்த முதல் போர்வை அது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகள் வந்தாள். நாய் வளர்க்க அனுமதிக்கும் வீடு கிடைத்துவிட்டது, குட்டியைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றாள். புது கழுத்துப்பட்டைகூட வாங்கி வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் என் கணவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"நீ காலைல எத்தன மணிக்கு ஆபீஸ் போவ?"

"ஒன்பது மணிக்குப்பா."

"வர?"

"ஏழு, எட்டு ஆகும்."

"அதுவரைக்கும் அது என்ன பண்ணும்?"

அவள் தட்டைப் பார்த்தாள். நான் அதில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். "இங்கயே இருக்கட்டும். எனக்கொண்ணும் தொந்தரவு இல்ல" என்றார் அவர். தினமும் திட்டிக்கொண்டிருந்தவர். மகள் கொஞ்சம் அழுதாள். குட்டி எழுந்து போய் அவள் மடியில் தலையை வைத்தது. அவள் வைத்த பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டபோது வாலையும் ஆட்டியது.

அவள் ஊருக்குக் கிளம்பும் முன் நான் எதிர்வீட்டுக்குப் போனேன். போர்வையில் பாதித் தையல் அக்காவுடையது. "மகளுக்குக் குடுக்கட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"இதையும் கேக்கணுமா? குளிருக்குத்தானே தச்சோம். இங்க எங்க குளிருது? பெங்களூர்லதான் குளிரும்."

மகள் அதை மடித்து லேப்டாப் பையில் திணிக்கப் பார்த்தாள், நுழையவில்லை. தோளில் போட்டுக்கொண்டே தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

இப்போது அக்கா தனக்கென்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார். பச்சையும் ரோஸும். செத்துப்போகும் என்று சொன்னவரே எடுத்து வைத்திருக்கிறாரே என்று கேட்டதற்கு, இந்தப் பச்சை வேற பச்சை என்றார். வெட்டுவதற்கு அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். குட்டிக்கு மடிந்த காதும் நிமிர்ந்துவிட்டது. கடிப்பது குறைந்திருக்கிறது, தூக்கம் நீண்டிருக்கிறது. ஊசி மட்டும் இன்னும் எதிர்வீட்டில்தான். நேற்று இருவரும் நடுச்சதுரம் எந்த நிறம் என்று டீ ஆறும் வரை வாதாடினோம். முடிவாகவில்லை.